அன்றைய கண்

கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்குப் போகும் துணிமூட்டைகள் குவிந்து கிடக்கும் நடையைத் தாண்டினால் ஒரு சின்ன அறை வரும். வடக்குப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோரம் மேசை. மேசையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கண் போனவர்கள் வந்து உட்காருவார்கள். இன்னொன்றில் கண்ணக்கா.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது பக்கத்து அறையில் செயற்கைக் கண்ணுக்கு அச்சு எடுக்கிற ஆள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம் அவருக்கு. "எல்லா ஆஸ்பத்திரியிலயும் மருந்துக்கு ஒரு அக்கா, கட்டுப்போட ஒரு அக்கா இருப்பாங்க. நம்மகிட்டதான் கண்ணுக்குன்னே ஒரு அக்கா இருக்காங்க" என்று ஒருநாள் சொன்னார். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் சீட்டுக் கொடுக்கிறவர் முதல் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் கண்ணக்காதான்.

செயற்கைக் கண் என்றதும் ஆட்கள் கோலிகுண்டு மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். அது உருண்டை இல்லை. சிப்பியின் ஒரு பாதி போல வளைந்த ஓடு. கண் எடுத்த குழிக்குள் பசை விட்டு அச்சுக்காரர் அளவெடுப்பார். மெழுகில் வடிவம் செய்து, போட்டுப் பார்த்து, சுரண்டி, திரும்பப் போட்டுப் பார்த்து, பிறகு வெள்ளைப் பிசினில் வார்ப்பார். அதுவரை அது வெறும் பல் மாதிரிதான் இருக்கும். அதில் கருவிழியை வரைவதும், சிவப்பு நூலை நகத்தால் பிரித்துப் பிரித்து மயிரை விட மெல்லிய இழையாக்கி வெள்ளையில் நரம்பாக ஒட்டுவதும் கண்ணக்காவின் வேலை. மேலே கண்ணாடி போலத் தெளிந்த பிசின் ஒரு பூச்சு. பிறகு சக்கரத்தில் மெருகு. அதன் பிறகுதான் அது பார்க்கும். அதாவது, பார்ப்பது போல இருக்கும்.

இந்த வேலைக்கு அவள் வந்தது ஒரு ஒட்டகத்தால். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்தவளை, குழந்தைகள் வார்டில் நாலு மிருகம் வரையக் கூப்பிட்டார்கள். ஏணியில் நின்று ஒட்டகத்துக்கு இமைமயிர் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கீழே நின்று பார்த்தார். "ஒட்டகத்துக்கே இப்படி ஆசையா கண்ணு போடுறியே, மனுஷங்களுக்குப் போட மாட்டியா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்துவைத்தாள். மறுவாரம் அந்த வடக்கு ஜன்னலோரம் அவளுக்கு நாற்காலி போட்டாயிற்று.

முதல் சில வருடங்கள் அவள் செய்த கண்கள் அழகாக இருந்தன. குறை என்றால் அதுதான் குறை. அழகான பழுப்பு, அழகான வட்டம். மனிதர்கள் அதை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் போய் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். யாரும் வந்து சண்டை போடவில்லை. அது சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. என்ன சரியில்லை என்பது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் புருஷன் வீட்டை விட்டுப் போனான். தூர தேசத்துக்குப் போயிருந்தால் தேவலை. இரண்டு தெரு தள்ளி, வேறொருத்தி வீட்டுக்குப் போனான். பஸ் நிறுத்தம் மட்டும் பழையதுதான். காலையில் அவள் வேலைக்குப் போகும் நேரமும் அவன் போகும் நேரமும் ஒன்று. நீலச் சட்டையும் குடையுமாக அவன் நிற்பான். பஸ் வரும்வரை மனதுக்குள் அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். ஆஸ்பத்திரிக்கு வந்து தூரிகையை எடுத்தால் கோடு கோணிப்போகும்.

"இப்படியே போனா நீ போடுற கண்ணு எல்லாம் முறைக்கும்" என்று டாக்டரம்மாதான் அவளைத் தையல்காரம்மாவிடம் அனுப்பினார்.

தையல்காரம்மாவுக்கு இவள் வயதுதான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். இளவயதில் ஒரு புத்த மடத்தில் துறவியாக இருந்தவர். தம்பி படுத்த படுக்கையானதும் காவியைக் களைந்துவிட்டு வந்து, கீழே தையல் கடை போட்டார். மேலே மாடியில் காலையில் தியானம். துணிக்கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலைந்து பாய். மூலையில் ஒரு சின்ன புத்தர் சிலை. அதன் பக்கத்திலேயே பழைய இஸ்திரிப் பெட்டி.

"மூச்சு உள்ள போகுது, வெளிய வருது. அதுக்கு நீ எதுவும் பண்ண வேண்டாம். பாத்துக்கிட்டு இரு."

"எனக்கு மூச்சு வரல. அந்த ஆளோட நீலச் சட்டைதான் வருது."

"சட்டை வந்தா சட்டையைப் பாரு. அதோட ஒரு கதை வால் புடிச்சுக்கிட்டு வரும். அதை மட்டும் உள்ள விடாதே."

கால் மரத்தது, முதுகு பிடித்தது. கதைகள் வாலோடும் தலையோடும் வந்துகொண்டேயிருந்தன. "இதுக்குப் பதிலா ரெண்டு துணி தச்சாலும் உபயோகமா இருக்கும்" என்று அவள் முணுமுணுத்தால், "ஊசில நூல் கோக்கத் தெரியுமா உனக்கு? சும்மா உக்காரு" என்பார் தையல்காரம்மா. அவள் உட்கார்ந்தாள். வேறு போக்கிடமும் இல்லை.

ஒரு காலை பஸ் நிறுத்தத்தில் அவள் பார்த்தாள்: ஒரு ஆள். குடையில் ஒரு கம்பி உடைந்து துணி தொங்குகிறது. காதோரம் நரை. அவ்வளவுதான். கதை வரவில்லை. பஸ் வந்தது, ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றைக்கு வந்தவரின் எதிரில் உட்கார்ந்து, அவருடைய நல்ல கண்ணைப் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பழுப்பே இல்லை. உள்ளே தேன் நிறத்தில் ஆரக்கால்கள். அவற்றுக்கு நடுவே பாசிப்பச்சை. ஓரத்தில் ஈயச் சாம்பல். இத்தனை வருடமும் அவள் கண்ணை வரையவில்லை. கண் என்று தன் தலைக்குள் இருந்த ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த கண்கள் வேறாக இருந்தன. ஒரு பெரியவர் வந்தார். வயதானால் சிலருக்குக் கருவிழியைச் சுற்றி வெளுத்த வளையம் விழும், அவருக்கும் விழுந்திருந்தது. அதையும் சேர்த்தே வரைந்தாள். கூட வந்த மகன் சண்டைக்கு வந்தான். "புதுசா செய்யிற கண்ணு. அதைப் போய் கிழட்டுக் கண்ணா செஞ்சு வச்சிருக்கீங்க?" பெரியவர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டார். "விடுடா. உங்கம்மா இனிமே என் மூஞ்சைப் பாத்துச் சாப்பாடு போடுவா" என்றார்.

வரையத் தொடங்கும் முன் எதிரில் இருப்பவரிடம், "கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்பாள். இரண்டு பேரும் ஓரடி இடைவெளியில் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருப்பதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இது அவள் மாடியில் கற்றுக்கொண்டது. புகைப்படம் பார்த்து வரைய மாட்டாள். "படத்துல இருக்குறது நேத்துக் கண்ணு. எனக்கு இன்னைக்கு இருக்குற கண்ணு போதும்." தூக்கம் கெட்ட நாளிலோ அழுத நாளிலோ ஆட்கள் வந்தால் மட்டும், இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அந்த ஒரு விஷயத்தில் அவரவர் கண்ணுக்கு ஒரு நல்ல நாள் வேண்டும் என்பதை அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். அழகுநிலையத்தில் முடி வெட்டுகிற வேலை. இருபத்துநாலு வயதாகியும் அம்மாவுக்குப் பாப்பா; மற்றவர்களுக்கு வாலு. கத்தரிக்கோலை விட வாய் வேகமாக ஓடும். "எங்கம்மா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து உக்காந்தே கண்ணு வரையக் கத்துக்கிட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு முடி வெட்டுனா விடுவீங்களா?" என்று வாடிக்கைக்காரர்களைச் சிரிக்கவைப்பாள்.

அவளுக்கு இடது கண்ணில் மங்கல் வந்தது. கண்ணுக்குள் கட்டி என்றார்கள். மருந்து, ஊசி, வெளிச்சம் பாய்ச்சுவது எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடுத்தார்கள். குழி ஆறட்டும், அச்சு எடுக்கலாம் என்று காத்திருந்தபோது, வலது கண்ணிலும் அதே கட்டி.

டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை. கண்ணக்காவிடம் எதைச் சுற்றிவளைப்பது? "இதையும் எடுக்கணும். தள்ளிப்போட்டா உசுருக்கு ஆபத்து. தேதி குறிச்சிருக்கேன். அதுக்குள்ள நீ உக்காந்து வரைஞ்சு வச்சுக்க. அப்புறம் பாத்து வரைய ஒண்ணும் இருக்காது."

ஒரு கண் போனவர்களுக்கு இன்னொன்றைப் பார்த்து வரையலாம். இரண்டும் போனவர்களுக்கு எதைப் பார்ப்பது? இது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அவள் உட்காரவில்லை. நாளைக்கு என்றாள். மகளின் எதிரில் ஓரடியில் உட்கார்ந்து தூரிகையைத் தொட்டால் அந்தக் கண் போவது உறுதியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பினாள். எதுவும் நிலையில்லை என்று மாடியில் தினமும் உட்கார்ந்து பார்த்தவள்தான். அங்கே போனதெல்லாம் மூச்சும் முதுகுவலியும் நீலச் சட்டையும். அவை போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

மகளும் பிடிகொடுக்கவில்லை. "இருக்குற கொஞ்ச நாள்ல உன் மூஞ்சையே பாத்துக்கிட்டு உக்காரவா? அதான் பொறந்ததுலேருந்து பாக்குறேனே" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிடுவாள். கடல் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு தெரு தள்ளிப் போய் அப்பனைப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா நரைச்சுப்போச்சும்மா அப்பாவுக்கு. எதிர்ல உக்காந்து பாத்தேன். என்ன பாக்குறேன்னு கேட்டாரு. சும்மான்னேன். அவரு அழுதுட்டாரு, அந்தம்மா டீ குடுத்தாங்க" என்றாள்.

அச்சுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, எப்ப உக்காரப் போறீங்க?"

"உக்காரலாம்."

"உக்காரலாம் உக்காரலாம்னு நாள் போகுது. ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கோங்க. கண்ணை மட்டும், கிட்ட வச்சு."

"என்கிட்ட வந்து போட்டோங்கிறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

கடைசியில் அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம் மகளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் தள்ள நாள் இல்லை. இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை. வெளிச்சம் கூசுகிறது என்றதால் ஜன்னலில் பாதிக்குத் திரை இழுத்துவிட்டாள் கண்ணக்கா.

"கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

"என்கிட்டயுமா இந்த வேலை?" என்று மகள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. உட்கார்ந்தார்கள். மூச்சு போயிற்று, வந்தது. கண்ணக்கா பார்த்தாள்.

இதற்கு முன் எதையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. கருவிழியின் ஓரத்தில் மழைமேகச் சாம்பலில் ஒரு வளையம், மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் கலைந்து. உள்ளே தேன்கோடுகள், கீழே ஒரு இடத்தில் பிரிந்து வழிவிடுகின்றன. அந்த இடத்தில் துருப்பிடித்தாற்போல ஒரு சின்னப் புள்ளி. நடுவில் கறுப்புப் பாவை; அரை இருட்டிலும் பயத்திலும் அது கருவிழியை விழுங்கிவிடுவது போல விரிந்திருந்தது. வெள்ளையில் நரம்புகள் சிவந்து கிளைவிட்டிருந்தன. கீழிமையோரம் நீர் தளும்பி நின்றது. மகளைப் பார்க்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஓடு இன்னும் வார்க்காததால், எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பிசின் வில்லையில் கை தானாக ஓடியது. நூலைப் பிரித்தாள், வைத்தாள். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அன்று நல்ல நாள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இருக்கும் நாள் அது ஒன்றுதான்.

"அம்மா."

"ம்?"

"வலிக்குமா?"

"மருந்து குடுப்பாங்க பாப்பா. தெரியாது."

"அதைக் கேக்கல. அப்புறம் இருட்டா இருக்குமா, இல்ல ஒண்ணுமே இருக்காதா?"

கண்ணக்காவுக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னாள். மகள் தலையசைத்தாள். தளும்பிய நீர் வழிந்தது. அது வழிந்த விதத்தையும் கண்ணக்கா பார்த்தாள்.

அறுவை முடிந்தது. குழிகள் ஆறின. அச்சுக்காரர் அளவெடுத்து, வார்த்து, கண்ணக்கா வரைந்ததை உள்ளே பதித்து மெருகேற்றினார். அதைப் பார்த்தே கண்ணக்கா இன்னொன்றையும் வரைந்தாள்; இரண்டும் ஒரே கண்ணின் பிரதி. மகளுக்குப் போட்டுவிட்ட அன்று அறையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். போட்டதும் அச்சுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்? அவ்வளவு அழகாவா இருக்கேன்?" என்றாள் மகள்.

"அப்படியே இருக்கும்மா. அன்னைக்கு இருந்த மாதிரியே" என்றார் டாக்டரம்மா. அது நிஜம்தான்.

மகள் ஆறு மாதம் வீட்டை விட்டு நகரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். பிறகு எப்படியோ எழுந்தாள். கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டாள். அழகுநிலையத்து முதலாளியம்மா அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முடிவெட்ட இல்லை, தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட. வாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஆனால் ஆட்கள் மாறிவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம்மா, யாரு என்ன சொன்னாங்க? அழாதேம்மா" என்றார்கள். அவள் ஏதாவது கேலி சொன்னால் எதிரில் இருப்பவர்கள் சிரிக்காமல் விசும்பினார்கள். குழந்தைகள் பேச்சை நிறுத்தின.

ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மா, என் மூஞ்சில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"பொய் சொல்லாதே. நான் சிரிச்சுக்கிட்டுதான் பேசுறேன். எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி பதில் சொல்றாங்க. இன்னைக்கு ஒரு அக்கா, தலைக்கு எண்ணெய் வைக்க வந்தவங்க, கண்ணாடில என்னைப் பாத்துட்டு ஓன்னு அழுதுட்டாங்க. முதலாளியம்மா என்னை உள் ரூமுக்கு மாத்திட்டாங்க. என்ன இருக்கு?"

கண்ணக்கா சொன்னாள். அன்றைக்குக் கண் எப்படி இருந்ததோ அப்படி வரைந்ததைச் சொன்னாள். பாவை விரிந்திருந்ததையும் நரம்பு சிவந்திருந்ததையும் சொன்னாள். மகள் கோலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு நான் பயந்தேன். அந்தப் பயம் எனக்குப் போயிடுச்சு. நீ ஏன் அதைப் புடிச்சு என் மூஞ்சில மாட்டி வச்சிருக்க?"

கண்ணக்கா மகளின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மாத்திக் குடு. எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம். சும்மா ஒரு செவ்வாக்கிழமைக் கண்ணு. வேலைக்குப் போற அவசரத்துல, சீப்பை எங்க வச்சேன்னு உன்னைப் பாத்துக் கத்துவேனே, அந்தக் கண்ணு."

அதுதானே, இதோ செய்துவிடலாம் என்றுதான் கண்ணக்கா மேசைக்குப் போனாள். தூரிகையை எடுத்தாள். சீப்பைத் தேடுகிற மகளை நினைத்தாள். அலமாரி ஞாபகம் வந்தது, அவள் போட்டிருந்த சட்டை வந்தது, கத்தல் காதில் விழுந்தது. முகத்துக்குப் போனால் அங்கே இருந்தது அன்றைய கண். விரிந்த பாவை, தளும்பிய நீர். வேறு நாளை எடுத்துப் பார்த்தாள். சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்கிற மகள்: அதே கண். பள்ளிக்கூடச் சீருடையில் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறவள்: அதே கண். இன்னும் பின்னால் போனாள். தொட்டிலில் கிடந்து சிரிக்கிற பிள்ளையின் முகத்திலும் இருபத்துநாலு வயசுப் பயம். அந்த ஒரு மத்தியானம் அவள் பார்த்த பார்வையில் மிச்சம் அத்தனை நாளும் அழிந்துபோயிருந்தது. அதற்கு முன்னால் அவள் மகளின் கண்ணைப் பார்த்ததே இல்லை. பாப்பா என்று தலைக்குள் இருந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் இப்போது இல்லை.

போனில் படங்கள் இருந்தன. முதலாளியம்மா பிறந்தநாள், யாரோ கல்யாணம். எல்லாவற்றிலும் மகள் வாயைக் கோணிக்கொண்டு நின்றாள். பெரிதாக்கிப் பார்த்தால் கண் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக இருட்டும் ஒரு விளக்கின் வெளிச்சமும்.

அச்சுக்காரர் இன்னொரு ஓடு வார்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் வரைந்து ஒதுக்க ஒதுக்க, வார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் தொழில் தெரிந்த யாரும் செய்யக்கூடியதைச் செய்தாள். அதே கருவிழி, பாவையை மட்டும் சின்னதாக்கினாள். நூலிழைகளைக் குறைத்தாள், வெள்ளையைத் தெளியவைத்தாள். கணக்குப்படி எல்லாம் சரி. போட்டுப் பார்த்தபோது அது ஒரு நல்ல கண்ணாக இருந்தது. யாருடையது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்க."

"நானா இருக்கேனா?"

"ம்."

இப்போதெல்லாம் மகள் காதால் பார்க்கப் பழகியிருந்தாள். அந்த 'ம்'முக்கு முன்னால் இருந்த இடைவெளி அவளுக்குப் போதும். கொஞ்ச நேரம் முகத்தை அம்மா பக்கமே வைத்திருந்தாள். "சரி விடு. யாரும் அழாம இருந்தா போதும்" என்றாள். பிறகு, "பழசு எங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான் இருக்கு."

"வச்சுக்கப் போறியா?"

கண்ணக்கா பழைய கண்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. நான் பயந்ததை நீ பொத்திப் பொத்தி வச்சுக்காதே. மாமா, அந்தச் சக்கரத்தைப் போடுங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்."

அச்சுக்காரர் கண்ணக்காவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கண் மகளுடையது. சக்கரம் சுற்றியது. முதலில் கண்ணாடிப் பூச்சு, பிறகு சிவப்பு, பிறகு தேனும் சாம்பலும் தூளாகி மேசையில் விழுந்தன. அச்சுக்காரர் ஈரத்துணியால் துடைத்தார். மகள் கோலைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் யாரிடமோ ஏதோ சொன்னாள். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தது உள்ளே கேட்டது.

பிறகு அன்றைய கண் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கண்ணக்கா கண்ணை மூடினால் அது வந்தது. பிசினைக் கலக்கும்போது வந்தது, குழம்பைக் கிளறும்போது வந்தது. தூக்கம் போயிற்று. வேறு வழி தெரியாமல், மகளின் அறுவைக்குப் பிறகு போகாமல் விட்டிருந்த தையல்காரம்மாவின் மாடிக்குத் திரும்பப் போகத் தொடங்கினாள்.

கண் வந்தால் கண்ணைப் பார்த்தாள். கதையைச் சேர்க்கவில்லை. வந்தது, நின்றது, போயிற்று. அவள் நன்றாகப் பழகியவள். வித்தை அவளைக் கைவிடவில்லை. நாளாக ஆகத் தூக்கம் திரும்பியது. கை நிலைத்தது. ஆஸ்பத்திரியில் அவள் செய்த கண்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் நிமிர்ந்து நடந்து போனார்கள்.

ஒரு காலை, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே அவள் நடுவில் எழுந்தாள். பாயைச் சுருட்டக்கூட இல்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் தையல்காரம்மா பின்னாலேயே வந்து பிடித்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன, கால் மரத்துப்போச்சா?"

"இல்ல. போகுது."

"எது?"

"அவ கண்ணு. ஒவ்வொரு தடவை உக்காரும்போதும் கொஞ்சம் போகுது. ஓரத்துல ஒரு சாம்பல் வளையம் இருந்துச்சு. மேல கலைஞ்சிருந்துச்சா, கீழயான்னு இன்னைக்கு எனக்குத் தெரியல."

"போகட்டுமே. நீ வந்தப்ப தூக்கமே இல்லன்னு சொன்னியே. இப்ப தூங்குறல்ல?"

"தூங்குறேன். நல்லா தூங்குறேன்." கண்ணக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அது பயந்த கண்ணுதான். ஆனா அது என்னைப் பாத்த கண்ணு. இதுவும் போயிட்டா, அவ என்னைப் பாத்தான்னு சொல்ல எங்கயும் ஒண்ணும் இல்ல."

தையல்காரம்மாவுக்குச் சொல்ல எத்தனையோ தெரியும். மடத்தில் கற்றது, தம்பியின் படுக்கையோரம் கற்றது. நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"உக்காராம இருந்துட்டா மட்டும் நிக்குமா?"

கண்ணக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டாள். சலவை மூட்டைகளைத் தாண்டி அறைக்குள் வந்தபோது, எதிர் நாற்காலியில் ஒரு பெண் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். ஒரு பக்கம் பஞ்சுக்கட்டு. நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்ல நாளா பாத்து வரச் சொன்னாங்க" என்றாள் அவள். "வரைய ரொம்ப நேரம் ஆகுமாக்கா?"

"ஆகாது."

கண்ணக்கா உட்கார்ந்தாள். தூரிகையை நனைத்தாள். மேசையையும் பிசின் கிண்ணத்தையும் தன் கையையும் பார்த்தாள். பார்க்காமல் வரைய அவளுக்குத் தெரியாது. பார்த்தால், உள்ளே மிச்சமிருக்கும் மகளின் கண் மேல்தான் இந்தக் கண் வந்து உட்காரும். அந்தப் பெண் காத்திருந்தாள்.

"அக்கா?"

கண்ணக்கா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். வெளிர் பழுப்பு, உள்ளே கொஞ்சம் பச்சை.